உயிரோடிருக்கும் தம்பிக்குத் திவசம்

1

நேற்றுக் காலை வோல்டர் வீட்டுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வருடத்துக்கு ஒருதடவை வருவார்கள். வாசலில் பனிச்சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து கதிரையில் அமர்ந்து, எண்பத்தைந்து வயது மனிதரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். தனியாகக் குளிப்பீர்களா? முதுகை யார் தேய்த்துவிடுவது? குனிந்து காலுறை போட முடியுமா? கடைசியாக எப்போது விழுந்தீர்கள்?

வோல்டர் பழைய கடற்படைக்காரர். வீம்புக்கு எல்லாவற்றுக்கும் "முடியும், முடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, இல்லை இல்லை என்று அதிகாரிக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் தன் வீரத்தைக் காட்டப்போய் எனக்கு வேலை இல்லாமல் பண்ணிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதிகாரி என் தலையாட்டலைத்தான் எழுதிக்கொண்டார். இன்னும் ஒரு வருடத்துக்கு எல்லாம் தொடரும் என்றார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு அந்த "எல்லாம்" என்னவென்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் படையில் இருந்து விலகி, வயதாகி, தனியே வாழ்கிறவர்களுக்கு ஒரு உதவித் திட்டம் உண்டு. வீடு துடைக்க, சமைக்க, குளிப்பாட்ட ஆள் வரும். மாரியில் வாசலில் பனி அள்ள ஒருவர் வருவார், கோடையில் புல் வெட்ட இன்னொருவர். குளியலறைச் சுவரில் பிடித்து எழும்பக் கம்பி பூட்டிக் கொடுப்பார்கள். அந்த மனிதர் முதியோர் இல்லத்துக்குப் போகாமல், தன் வீட்டில், தன் கட்டிலில் கடைசிவரை இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அவர்களால் அனுப்பப்படும் ஆள் நான். திங்கள், புதன், வெள்ளி, காலை எட்டரை மணி.

வோல்டர் ஒரு சண்டையையும் கண்டதில்லை. கப்பலில் படியிறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்தவர். அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த இடுப்புக்குத்தான் இவ்வளவும். பொறாமையாக இருக்கிறதா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். அவருடைய முதுகைத் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்னொரு முதுகு ஞாபகம் வரும்.

போகும்போது அதிகாரி கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினார். தேதி போடும்போதுதான் மறுநாள் என்ன நாள் என்று உறைத்தது. மறுநாள் என் தம்பி குகனுடைய திவசம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த நாளில் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, படைத்து வருகிறேன். குகன் திருகோணமலையில் உவர்மலைச் சரிவில், உள்துறைமுகம் தெரிகிற ஒரு அறை வீட்டில் உயிரோடு இருக்கிறான்.

2

அவனைச் சாகடித்தது நான்தான். ஒரு கந்தோரில், பத்து நிமிடத்தில்.

இந்த நாட்டுக்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற கந்தோரில், எங்களுடைய ஆள் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டுக் கேட்டார்.

"சகோதரங்கள் இருக்கினமோ பிள்ளை?"

"ஒரு தம்பி."

"எங்கை இப்ப?"

"இயக்கத்தில."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்பிடி எழுதினால் உங்களையும் சந்தேகிப்பாங்கள். கேஸ் அவ்வளவுதான். செத்திட்டார் எண்டு போடுவம். சுற்றிவளைப்பில பிடிபட்டுச் செத்ததாப் போட்டால் கேசும் பலமாகும்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார், எந்தத் தேதியில் செத்தவர் என்று. குகனைப் பற்றி எனக்குத் தெரிந்த தேதி ஒன்றுதான். அவன் பிறந்த தேதி. அதைச் சொல்லிவிட்டேன். பிறகு விசாரணையில் அதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று தடவையும் பிசகாமல் அதே நாள் வாயில் வந்தது. கேஸ் வென்றது.

வென்ற பிறகு அவனை எழுப்பியிருக்கலாம் அல்லவா? இல்லை. இங்கே தமிழ்ச் சனம் எங்கே போனாலும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். "குடியுரிமை கிடைக்கும்வரை வாயைத் திறவாதையும்" என்றார் என் கணவர். பிறகு, அவருடைய அம்மாவை ஸ்பொன்சர் பண்ணும்வரை என்றார். அதற்காகத்தான் படமும் மாலையும் வந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமே. அதற்குள் மகள் அபி பிறந்து, வளர்ந்து, அந்தப் படத்துக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணீர் விடுகிற வயதுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் "நான் காணாத என் மாமா" என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். அந்தப் பரிசைச் சட்டம் போட்டு நானே சுவரில் கொழுவினேன். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

திவசத்துக்குத் திதி பார்ப்பதில்லை. நடக்காத சாவுக்கு ஏது திதி? கலண்டர் தேதிதான். மரக்கறிதான் படைப்பேன். குகனுக்கோ மரக்கறியைக் கண்ணில் காட்டக்கூடாது. சண்டையெல்லாம் முடிந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்து அவன் வெளியே வந்து, முதல் தடவை தொலைபேசியில் கதைத்தபோது அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அப்ப எனக்கு என்ன படைக்கிறனீங்கள்?"

"சோறு, பருப்பு, கத்தரிக்காய்."

"செத்தும் எனக்குக் கத்தரிக்காயோ? அடுத்த வருசம் ஒரு மீன்துண்டாவது வையுங்கோ அக்கா."

ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அவனை அழைப்பேன். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வேன். அவன் படையல் விபரம் கேட்பான். என் கணவர் மாரடைப்பில் போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது அந்தப் படத்துக்குப் பக்கத்தில், உண்மையாகவே இறந்த ஒருவருடைய படமும் இருக்கிறது.

3

குகனுக்கு இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முதுகில் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. எடுக்கப்போனால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். இப்போது அது மற்றக் காலையும் மெல்ல மெல்ல மரக்கவைக்கிறது. சுட்டாலும் தெரியாது, கீறினாலும் தெரியாது. மின்விசிறி, ரைஸ் குக்கர் திருத்திச் சீவித்தவன், இப்போது அதிக நேரம் கட்டிலில்தான்.

செயற்கைக்கால் பூட்டுகிற கிளினிக்கில், ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர் அவனுக்குப் பழக்கம். சிங்கள ஆள். அவருக்கும் கால் இல்லை. இரண்டு பேரும் வாங்கில் பக்கம் பக்கமாக அமர்ந்து கால்களைக் கழற்றி ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். "அவற்றை அரசாங்கக் கால் அக்கா. பாரம் இல்லை. என்ரை தொண்டு நிறுவனக் கால். நடந்தால் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்" என்பான். அந்த மனிதர் நல்லவர், தன் காலுக்குக் கொடுக்கிற களிம்பில் பாதியை இவனுக்குக் கொடுப்பாராம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனேன். கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி என்று அபியிடம் சொல்லிவிட்டுப் போனேன். பேருந்து நிலையத்தில் இறங்கினால் நகரத்துக்குள் திரிகிற மான்கள் வழக்கம்போலக் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உவர்மலைக்குப் போய்க் கதவைத் தள்ளினால், என் தம்பி நிலத்தில் கிடக்கிறான். கட்டிலில் இருந்து விழுந்து அரைநாள் ஆகிவிட்டதாம். எழுப்ப ஆள் இல்லை. என்னைக் கண்டதும், "திவசத்துக்கு இன்னும் நாள் கிடக்கே அக்கா" என்றான்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். வோல்டருக்கு நடக்கிறதெல்லாம் இவனுக்கும் நடக்க வேண்டும். அதே ஒழுங்கையில் இருக்கும் பரிமளம் அக்காவைப் பிடித்தேன். புருசன் இல்லாதவர், மகன் துறைமுகத்தில் வேலை செய்கிறான். என் சம்பளத்திலிருந்து அவருக்கு மாதாமாதம் கொடுப்பதாகப் பேசினேன். வோல்டர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிற அட்டவணையைப் போலவே ஒன்று தமிழில் எழுதிக் குகனுடைய கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். திங்கள், புதன், வெள்ளி. முதுகு கழுவித் துடைத்தல். படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்த்தல். காலில் காயம் இருக்கிறதா என்று பார்த்தல். வீடு கூட்டல். பரிமளம் அக்கா அதை வாசித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதித்தான் செய்யோணுமே பிள்ளை?" என்று கேட்டார். ஆனால் செய்தார். ஒரு நாள் தவறாமல் செய்தார். பரமசிவனே வந்திருந்தாலும் அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கமாட்டார்.

திரும்பி வந்து வோல்டரின் முதுகைத் தேய்க்கும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இங்கே திங்கள் காலை நான் துடைக்கிறேன், அங்கே அதே திங்கள் பரிமளம் அக்கா துடைத்து முடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

4

நவம்பர் மாதம் இந்த நாட்டில் எல்லோர் சட்டையிலும் ஒரு சிவப்புப் பூ இருக்கும், போரில் இறந்தவர்களுக்காக. அதே மாதம் எங்கள் சனமும் ஒரு பூ வைப்பார்கள், கார்த்திகைப் பூ, அதுவும் இறந்தவர்களுக்காகத்தான். செத்தவனுக்கு இரண்டு பக்கமும் பூ உண்டு. காலில்லாமல் உயிர் தப்பி வந்து ஒழுங்கைக்குள் கிடக்கிறவனுக்கு எந்தப் பூவும் இல்லை. மாவீரர் நாள் மண்டபத்தில் விளக்கேற்றும்போது கண்ணீர் விடுகிறவர்களிடம், உயிரோடிருக்கிற ஒருவனுக்கு முதுகு துடைக்க ஆள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருதடவை, பெயர் சொல்லாமல், பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அவையளோட தொடர்பு வைச்சால் பிரச்சினை தங்கச்சி" என்றார் ஒருவர். அவர் சட்டையில் இரண்டு பூவும் இருந்தன.

போன நவம்பரில் வோல்டர் தன் பழைய கோட்டில் சிவப்புப் பூவைக் குத்தித் தரச் சொன்னார். குத்திக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"உங்கள் குடும்பத்தில் யாராவது படையில் இருந்தார்களா?"

முன்பும் கேட்டிருக்கிறார். இல்லை என்றுதான் சொல்வேன். அன்றைக்கு, என்ன பிடித்ததோ, "தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

"எந்தப் படை?"

"தோற்ற படை."

வோல்டர் என் பக்கம் திரும்பினார். "உயிரோடு இருக்கிறானா?"

"இருக்கிறான்."

இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலாக அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னேன். ஊசி என் விரலில் ஏறியது. வோல்டர் அரசியல் கேட்கவில்லை, யார் சரி யார் பிழை என்று கேட்கவில்லை.

"அப்படியானால் அவன் வீட்டை யார் கூட்டுவது?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் என் தம்பியைப் பற்றி ஒரு மனிதர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்காக அரசாங்கம் பூட்டிய கம்பியைப் பிடித்தபடி அழுதேன்.

5

அபிக்கு இருபத்திரண்டு வயது. வேறொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தாலும் அறைக்குள்தான், காதில் எதையாவது கொழுவிக்கொண்டு. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். எங்களுடைய ஆட்கள், எங்களுடைய ஊர் என்று அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லையே என்று நான் கவலைப்பட்டதுண்டு. ஆனால் ஒன்று ஒட்டித்தான் இருந்தது. அது நான் சொன்ன பொய்.

போன மாதம் அவளும் நண்பர்களும் பனிக்குள் நின்று ஒரு போராட்டம் செய்தார்கள், காணாமல் போனவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் நீதி கேட்டு. அவள் கையில் ஒரு பெரிய மட்டை. அதில் குகனுடைய படம். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததைத் தொலைபேசியில் பிடித்து, மாலையை வெட்டிவிட்டுப் பெருப்பித்திருந்தாள். கீழே பெயர், திருகோணமலை, நான் கொடுத்த தேதி. அந்தப் படத்தை இணையத்தில் போட்டு எனக்கும் அனுப்பியிருந்தாள். "மாமாவுக்காக" என்று தமிழில் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை இல்லாமல்.

அந்த நிமிடமே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும், எடு அதை, உன் மாமா உயிரோடு இருக்கிறான் என்று. நான் வோல்டருக்கு முட்டை அவித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் செய்த அநியாயங்களில் முதலாவது அந்தக் கந்தோரில் நடந்தது. இரண்டாவது இந்த இதயம்.

நான்காம் நாள், உவர்மலையில் குகன் வீட்டுக்குச் சாதாரண உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி, "இதில நீர் செத்திட்டீர் எண்டு கிடக்கு. வெளிநாட்டில ஆர் இதைச் செய்விக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். குகன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். தான் உயிரோடிருப்பதாக அவனைக்கொண்டே எழுதுவித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகும்போது கட்டிலுக்கு மேலே இருந்த அட்டவணையைப் பார்த்திருக்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி. இது யார் வருகிற நாள்? எழுதியது யார்? அங்கிருந்து நேரே பரிமளம் அக்காவிடம் போய், அடையாள அட்டை இலக்கம் கேட்டு, மகன் எங்கே வேலை என்று கேட்டு, காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் பரிமளம் அக்கா என்னை அழைத்தார்.

"கோவிக்காதேங்கோ பிள்ளை. என்ரை பெடியன் துறைமுகத்தில எல்லோ வேலை. அவன்ரை பேரையும் எழுதிக்கொண்டு போட்டாங்கள். எனக்கு இனி அங்கை போக ஏலாது."

"அக்கா, ஒரு கிழமைக்கு மட்டும், வேற ஆளைப் பிடிக்கும்வரைக்கும்..."

"நீங்கள் அங்கை இருக்கிறனீங்கள். நான் இங்கை இருக்கிறன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதற்கு மேல் நான் எதைச் சொல்லி வாதாடுவது?

வேறு ஆளைத் தேடினேன். திரியாயில் ஒரு தூரத்து உறவு, சல்லியில் அம்மாவோடு பழகிய ஒரு குடும்பம், கிண்ணியாவில் குகனுக்குப் பழைய பொருட்கள் கொண்டுவந்து கொடுக்கிற, காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணன். எல்லோரும் நல்ல மாதிரித்தான் கதைத்தார்கள். ஆனால் அந்த இரண்டு பேருடைய கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. காக்கா மட்டும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பாட்டுப் பார்சல் ஒன்றை வாசல் படலையில் கொழுவிவிட்டுப் போகிறார்.

6

போன சனிக்கிழமை அபியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கந்தோர், மொழிபெயர்ப்பாளர், பிறந்தநாள், பரிமளம் அக்கா, எல்லாம். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதே தொலைபேசியை எடுத்துப் படத்தை நீக்கினாள். அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது? இவர் சாகவில்லை, தயவுசெய்து கவலைப்படுவதை நிறுத்துங்கள் என்றா?

கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை. அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்கு அழுதனான்?"

"உன்ரை நன்மைக்குத்தான்" என்று ஏதோ உளறினேன். சுவரில் இருந்த கட்டுரைச் சட்டத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். மாமாவின் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் அழைப்பை எடுப்பதில்லை. பொய்யைக் கொடுத்துத்தான் நாட்டைச் சம்பாதித்தேன், அந்த நாட்டில்தான் பிள்ளையைப் பெற்றேன். அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

7

இன்று காலை எழும்பியதும் குகனை அழைத்தேன். அங்கே பின்னேரம். வீடியோவில் முதலில் தலையணைதான் தெரிந்தது. குப்புறப் படுத்துக்கிடந்தான். முதுகில் புண் வந்துவிட்டது, நிமிர்ந்து படுக்க ஏலாது என்றான். எவ்வளவு பெரிய புண் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதே அக்கா. பாக்கிறதுக்கு ஆள் வேணுமே" என்றான். ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். கிளினிக் கடற்படைக்காரர் நாளைக்கு ஓட்டோ பிடித்து வருகிறாராம், கொண்டுபோய்விடுவாராம். அங்கிருந்து ஏதாவது இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று குகனுக்குப் பயம். "துறைமுகம் தெரியாத இடத்தில என்னை விட்டிடுவாங்கள்" என்றான்.

யன்னலுக்கு வெளியே அந்தத் துறைமுகம் தெரிந்தது. கப்பல் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. கட்டிலுக்கு மேலே அட்டவணை இன்னும் ஒட்டியிருந்தது.

"பிறந்தநாள் வாழ்த்துக்கள்டா தம்பி" என்றேன்.

"இண்டைக்கு என்ன படைச்சனீங்கள்?"

"ஒண்டும் படைக்கேல்லை. இந்த முறை படைக்கமாட்டன். அபிக்கும் தெரியும் இப்ப. மாலையைக் கழட்டி, படத்தையும் எடுத்து உள்ளை வைக்கப்போறன்."

அவன் தலையணையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான்.

"கிழமையில எத்தினை நாள் அந்தப் படத்தைத் துடைக்கிறனீங்கள் அக்கா?"

"ஏன்டா? செவ்வாயும் வெள்ளியும் விளக்கேத்தேக்க துடைப்பன்."

"அப்ப அது அங்கையே இருக்கட்டும்" என்றான் குகன். "அவனையெண்டாலும் துடைக்க ஒரு ஆள் இருக்கட்டும்."